தட்டு நிறைய உமி, குருவிக்குப் பட்டினி

புரட்டாசி மாதம். சாமை அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. விடியுமுன் காட்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவோம். போகிற போக்கில் குருவிக் கூண்டை எட்டிப் பார்ப்பேன். தீனித் தட்டு விளிம்புவரை நிறைந்திருக்கும். "இன்னிக்குப் போட வேண்டியதில்ல" என்று நடையைக் கட்டிவிடுவேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு குருவிகள் கூண்டின் அடியில் விறைத்துக் கிடந்தன. மற்றவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தன.

என்ன நோயோ என்று பதறிப்போனேன். அம்மா வந்து தட்டைக் கையில் எடுத்து ஒரு ஊது ஊதினார். தட்டில் பாதிக்கு மேல் பறந்துபோனது. இன்னொரு ஊது. அடியில் ஏழெட்டு மணிதான் மிச்சம்.

"டேய், ரெண்டு நாளா நீ பாத்தது தினை இல்லடா, உமி. முறம் புடைக்கிற வீட்டுல பொறந்தவனுக்கு இது தெரியாமப் போச்சா?"

உண்மைதான். மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கிய ஜீப்ரா ஃபின்ச் குருவிகள் அவை. ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைப் பூர்வீகமாகக் கொண்டவை. கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. ஒரு குருவியின் எடை 12 கிராம் அளவுதான். உடம்பில் சேமிப்பு கிடையாது. ஒரு நாள் முழுப் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து.

கோழி மணியை அப்படியே விழுங்கும். ஃபின்ச் அப்படி இல்லை. மணியை அலகில் உருட்டி, உமியை உரித்து, உள்ளே இருக்கும் அரிசியை மட்டும் தின்னும். உரித்த உமி தட்டிலேயே விழுந்து மேலே மூடிக்கொள்ளும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தட்டு எப்போதும் நிறைந்தே தெரியும்.

அன்று மாலையே வீட்டில் கிடந்த சாமான்களை வைத்து ஒரு தீனிக் குடுவை செய்தோம். செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

தேவையானவை

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. அது நிறமில்லாமல், உள்ளே இருப்பது தெரிய வேண்டும். 10 அல்லது 12 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்று. ஒரு முழப் பலகை, சின்ன மரக்கட்டை, கட்டுக்கம்பி, இரண்டு ஸ்க்ரூ, பெரிய கொட்டாங்குச்சி ஒன்று, பழைய முறம் ஒன்று.

செய்முறை

பாட்டிலை நன்றாகக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவையுங்கள். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் தினை ஒட்டிக்கொள்ளும். பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள்.

பலகையின் கீழ்முனையில் மரக்கட்டையை வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். அதன்மேல் டப்பா மூடியை மல்லாக்க வைத்துப் பொருத்துங்கள். மூடியின் விளிம்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. விளிம்பு தாழ்வாக இருந்தால்தான் குருவி தலையை ஆட்டும்போது உமி வெளியே சிதறும்.

பாட்டிலைத் தலைகீழாகப் பலகையில் வைத்து, இரண்டு இடத்தில் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். கம்பி முனைகளைப் பலகைக்குப் பின்பக்கம் மடக்கிவிடுங்கள். பாட்டில் வாய்க்கும் மூடிக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி, அதாவது ஒரு சென்டிமீட்டர் அளவு வேண்டும். தினை வழிந்து சின்னக் குவியலாகி, அந்தக் குவியலே பாட்டில் வாயை அடைத்து நின்றுவிடும். குருவி தின்னத் தின்ன அடுத்த மணி இறங்கும். இடைவெளி கூடினால் தினை கொட்டிப்போகும். குறைந்தால் அடைத்துக்கொள்ளும்.

பாட்டிலின் மேல்வாயைக் கொட்டாங்குச்சியால் மூடி, ஒரு கம்பியால் இறுக்கிவிடுங்கள். இதை மறக்கவே கூடாது. திறந்து கிடந்தால் குருவி உள்ளே இறங்கி, வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

குருவி உட்காரப் பென்சில் பருமனில் ஒரு வேப்பங்குச்சியை மூடிக்கு முன்னால் கட்டுங்கள். மூடிக்கு நேர் மேலே எந்தக் குச்சியும் இருக்கக் கூடாது. இருந்தால் எச்சம் தீனியில் விழும். கீழே முறத்தை வைத்தால் உமியும் சிதறிய மணியும் அதில் சேரும்.

இதில் என்ன லாபம்?

உமி மேலே ஏறிப் பாட்டிலுக்குள் போகாது. எனவே பாட்டிலுக்குள் தெரிவது அத்தனையும் முழு மணி. காலையில் பாட்டிலின் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலையில் தினை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வாய் அடைத்திருக்கிறது, குருவி பட்டினி என்று அர்த்தம். குச்சியால் குத்தி உடனே சரிசெய்யுங்கள். மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். அதனால் கூண்டில் இரண்டு குடுவை வைப்பதுதான் நல்லது. மூடியில் தங்கும் உமியைத் தினம் ஒரு தடவை ஊதிவிடவும் வேண்டும்.

ஒரு குருவிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டித் தினை போதும். எட்டுக் குருவி இருந்தால் எட்டுத் தேக்கரண்டி. பாட்டில் கொள்கிறதே என்று நிரப்பிவிடாதீர்கள். மூன்று நாள் தீனிக்கு மேல் வேண்டாம். பூசணம் பிடித்த தானியம் குருவியைக் கொல்லும்.

எந்தத் தானியம்?

உமியோடு இருக்கிற தினையும் பனிவரகும்தான் முதன்மை. சாமையும் கலக்கலாம். மில்லில் தீட்டிய தினையரிசி சீக்கிரம் காறிப்போகும், உமியோடு இருப்பது நாள்பட நிற்கும். அறுப்பின்போது நாலைந்து முழுத் தினைக்கதிரை எடுத்துவைத்து அப்படியே கட்டித் தொங்கவிட்டால், குருவிகள் தொங்கிக்கொண்டு கொத்தித் தின்பதைப் பார்க்க வேண்டும்! முட்டை ஓட்டை வேகவைத்து, காயவைத்து, நொறுக்கித் தனியாக ஒரு கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து அவசியம்.

விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய விதையை மட்டும் போட்டுவிடாதீர்கள். சிவப்போ பச்சையோ சாயமேறிய விதை என்றால் அது மருந்து கலந்தது. நம் நிலத்துக்கே வேண்டாம் என்று ஒதுக்கியதை 12 கிராம் உயிருக்கு ஊட்டலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு வயலில் திரியும் சில்லையைப் பிடித்து அடைக்க யாரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் அடைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதேபோல் கூண்டில் பிறந்த ஃபின்ச்சைப் பாவம் பார்த்துத் திறந்துவிடுவதும் உதவி ஆகாது. வெளியே இரை தேடி அதற்குப் பழக்கமில்லை.

முறத்தில் சேர்கிற உமியையும் மணியையும் எருக்குழியில் கொட்டுகிறோம், எச்சம் பட்டது என்பதால் திரும்பக் குருவிக்குப் போடுவதில்லை. குழி ஓரத்தில் தினை தானாக முளைத்துக் கதிர்விட்டிருக்கிறது. அதைத் தின்னப் புள்ளிச் சில்லைகள் கூட்டமாக வருகின்றன. "அதுங்களுக்கு உன் பாட்டிலும் வேண்டாம், கோடும் வேண்டாம்" என்கிறார் அம்மா.

கூண்டில் இருப்பவற்றுக்கு நாம்தான் வேண்டும். உங்கள் வீட்டிலும் குருவி இருந்தால், தட்டை எடுத்து இப்போதே ஒரு தடவை ஊதிப் பாருங்கள்.