பெருந்தரவுத்தளங்களுக்குப் படியெடுக்கும் முறை

பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டு நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் சிம்மக்கல்லை அடுத்த தமிழ்ச் சங்கச் சாலையில் உள்ளது. ஏட்டுச்சுவடிகளைத் தொகுத்தலும் அரிய நூல்களைச் 'செந்தமிழ்' இதழ்வழி வெளியிடலும் அதன் தலையாய பணிகள். ஓலை மட்குமாதலின் ஏடு பெயர்த்தெழுதல் நம் முன்னோர்க்கு வழக்கமாயிற்று. இன்று நூற்பட்டியும் சொல்லடைவும் கணினித் தரவுத்தளங்களாக வளர்கின்றன. அவற்றிற்குப் படியெடுக்குமாறு யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

படி இருவகைத்து. உள்ளடக்கத்தை மட்டும் கட்டளை வரிகளாக எழுதிக்கொள்ளுதல் ஒன்று. இஃது ஏடு பெயர்த்தெழுதுவார் தொழிலை ஒத்தது. வட்டிலுள்ள கோப்புகளை உள்ளவாறே எடுத்தல் மற்றொன்று. இது சுவடியை நிழற்படம் எடுத்தலை ஒக்கும். போஸ்ட்கிரெஸ் தளத்தில் 'பிஜி டம்ப்' முன்வகையது. 'பிஜி பேஸ்பேக்கப்' பின்வகையது. முன்னதைப் பிந்திய பதிப்புகளிலும் ஏற்றலாம். ஆனால், தளம் பல நூறு கிகாபைட் ஆயின், மீட்குங்கால் அடைவுகள் யாவும் புதியனவாகக் கட்டப்பெறல் வேண்டும். காலம் மிக நீளும். பின்னது அதே முதன்மைப் பதிப்பில்தான் இயங்குமாயினும் விரைந்து மீளும். அதனொடு மாற்றப் பதிவேட்டையும் இடையறாது சேமித்து வரின், பிழை நேர்ந்த கணத்திற்கு முந்திய நிலையையே பெறலாம். 'பிஜிபேக்ரெஸ்ட்' இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும். மாறிய பகுதியை மட்டும் எடுக்கவும் வல்லது.

உடனுக்குடன் ஒத்துவரும் இணைத்தளம் ஒன்றே போதும் என்பாரும் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. ஒன்றில் நீக்கிய வரி மற்றதிலும் அப்பொழுதே நீங்கும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் முதன்மைத் தளத்தின் கோப்புகளைத் தவறுதலாக நீக்கினார். நாள்தோறும் உருவாவதாக நம்பியிருந்த பிஜி டம்ப் படி, 9.2, 9.6 என்னும் பதிப்பு வேற்றுமையால் உருவாகவே இல்லை. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த வட்டுப்படியே கைகொடுத்தது. இடைப்பட்ட தரவு மீளவில்லை. எடுத்தல் எளிது, மீட்டல் நிகழுமா என்பதே கருவியைத் தெரிதற்கு அளவுகோல் எனக் கருதுகின்றோம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பிறிதிடத்துப் படியில்லாச் சுவடிகள் மீண்டில. ஆகவே ஒரு படியேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். சிறு சொல்லடைவிற்கு நாட்டோறும் எழுதும் படியே சாலும். பெருந்தளத்திற்குக் கோப்புப்படியும் மாற்றப் பதிவேடும் வேண்டும். எதுவாயினும் திங்கள்தோறும் வெற்றுக் கணினியில் மீட்டுப் பதிவுகளை எண்ணி, சில சொற்களை மூலத்தோடு ஒப்புநோக்குக. குறியாக்கம் பிறழின் தமிழெழுத்துகள் வினாக்குறிகளாய் நிற்கும். ஏட்டில் புள்ளி இடாவிடினும் கற்றோர் உய்த்துணர்ந்து படித்தனர். வினாக்குறியிலிருந்து எழுத்தை உய்த்துணர்வார் இல்லை.