மருந்துக்கு அசையாத களை!

'அளவு பார்த்துத்தான் அட்ரசின் தெளித்தேன். களை சாகவில்லையே, மருந்து போலியா?' மக்காச்சோள விவசாயிகளுக்கு இப்படிச் சந்தேகம் வருவது இயல்பு. மருந்து நல்லதாக இருந்தாலும் களை தப்பலாம்.

1968-ம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாற்றுப்பண்ணை. சுமார் 10 ஆண்டுகளாக சிமசின், அட்ரசின் தெளித்து வந்த அங்கே, 'செனிசியோ' என்ற களை சாகாமல் நின்றது. காரணம், அதன் பசுங்கணிகத்தில் இருந்தது.

பசுங்கணிகத்துக்கென்று தனி மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று 'பிஎஸ்பிஏ'. பெரணி வகையான அசோலா முதல் மக்காச்சோளம் வரை எல்லாவற்றிலும் இது இருக்கிறது. இது உருவாக்கும் புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் அட்ரசின் ஒளிச்சேர்க்கையை நிறுத்துகிறது. அந்தப் புரதத்தின் 264-வது இடத்தில் செரினுக்குப் பதில் கிளைசின் வந்துவிட்டால், மருந்து ஒட்டாது.

இந்த மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. எங்கோ அரிதாக இருக்கும் அத்தகைய செடியை விட்டுவிட்டு, மற்றவற்றை அழிக்கிறது. ஆண்டுதோறும் அதே மருந்து என்றால், வயல் முழுக்க அதன் வாரிசுகள்தான். இதுவே இயற்கைத் தேர்வு.

இந்தச் செடிகளுக்கு ஒளிச்சேர்க்கைத் திறன் குறைவு. மருந்தில்லாத வயலில் பின்தங்கும். இந்தக் குணம் பெரும்பாலும் மகரந்தத்தில் பரவாது, விதையில்தான் பரவும். எனவே, மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள். தப்பிய களையைப் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். அடுத்த போகத்தில் கைக்களை எடுங்கள், அல்லது வேறு விதமாகச் செயல்படும் களைக்கொல்லிக்கு மாறுங்கள்.