திரும்பி வரும் வழி

பெருவில் இன்கா பேரரசு, சீனாவில் மிங் பேரரசு. 15-ஆம் நூற்றாண்டில் இரண்டும் கொடிகட்டிப் பறந்தன. நடுவே பசிபிக் பெருங்கடல். இவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்குமா? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

முதலில், அந்தக் கடலில் பழைய காலத்துத் தெப்பம் தாங்குமா? தாங்கும். 1947-இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால், பால்சா மரங்களைக் கட்டிய தெப்பத்தில் பெருவிலிருந்து கிளம்பி, 101 நாளில் பாலினீசியாவின் ரரோயா தீவில் கரைதட்டினார். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே தென் அமெரிக்கச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அந்தத் தீவுகளில் விளைந்தது. கி.பி. 1200-ஐ ஒட்டி இரு பக்கத்து மக்களும் கலந்திருப்பதை 2020-இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது.

ஆனால் ஹெயர்டாலை ஊருக்குக் கொண்டுவந்தது எஞ்சின் கப்பல். விஷயமே அங்கேதான் இருக்கிறது. வியாபாரி என்றால் திரும்ப வேண்டும், அடுத்த வருஷமும் சரக்கேற்ற வேண்டும். அரபிக்கடலில் பருவக்காற்றே அதைப் பார்த்துக்கொண்டது. தென்மேற்குக் காற்றில் செங்கடலிலிருந்து சேர நாட்டு முசிறிக்கு வந்த கப்பல், வடகிழக்குக் காற்றில் மிளகோடு திரும்பியது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் ஓர் இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்திருக்கிறது.

பசிபிக்கின் வெப்பமண்டலத்தில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வீசும். 1521-இல் அதைப் பிடித்தே மகெல்லன் பிலிப்பைன்ஸ் சேர்ந்தார். பிறகு எதிர்த்திசையில் அமெரிக்காவுக்குத் திரும்பப் பார்த்த கப்பல்கள் தோற்றன. 1565-இல் ஸ்பானிய மாலுமி உர்தானேத்தா வடக்கே வெகுதூரம் ஏறி, அங்கே வீசும் மேற்குக் காற்றைப் பிடித்து, நான்கு மாதத்தில் அகபுல்கோவை அடைந்தார். அதன்பிறகே அமெரிக்க வெள்ளியும் சீனப் பட்டும் மணிலா வழியாகக் கைமாறின. 1815 வரை அது நடந்தது.

அதற்கு முன் யாருமே அந்த வழியைக் கண்டிருக்க மாட்டார்களா? கண்டு, வியாபாரமும் செய்திருந்தால் தடயம் கிடைக்கும். அந்த அரபிக்கடல் வியாபாரத்தில் வந்த ரோமானிய நாணயங்கள் கோவை வட்டாரத்தில் குவியல் குவியலாகக் கிடைத்தன. இன்கா மண்ணில், ஸ்பானியருக்கு முந்தைய அடுக்குகளில், சீனப் பீங்கானைக் காணோம். இன்னொரு சாட்சி பெரியம்மை. ஆசியக் கப்பல்கள் போய்வந்திருந்தால் அதுவும் எப்போதோ கூடப் போயிருக்கும். 1520-இல் மெக்சிகோவில் அது பரவியபோது, அந்த மக்களின் உடம்புக்கு அது முற்றிலும் புதுநோய்.

ஆகவே, இன்கா பேரரசுக்கும் மிங் பேரரசுக்கும் நேரடி வியாபாரம் நடக்கவில்லை என்பதே என் முடிவு. இனி யாராவது இப்படிக் கடல்கடந்த வணிகக் கதை சொன்னால், எப்படிப் போனார்கள் என்பதைவிட எப்படித் திரும்பினார்கள் என்று கேளுங்கள்.