கடலுக்குள் ஒன்பது கல், வானில் எத்தனை கோள்?

தொடர் – 9

2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் தெரிந்த கங்கணச் சூரிய கிரகணத்தோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். பொங்கலுக்கு மறுநாள்; தை அமாவாசையும் கூட. பகல் ஒரு மணிக்கு மேல் சந்திரன் சூரியனுக்குள் முழுதாகப் புகுந்தது. விளிம்பில் மட்டும் மிஞ்சிய நெருப்பு வளையம் ஏறத்தாழ பத்து நிமிடம் நீடித்தது.

சூரியன் அப்போது ராகுவுக்குப் பக்கத்தில் இருந்தது. இது பஞ்சாங்கக் கணக்கு மட்டுமல்ல, வானியலும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. வடக்கு நோக்கி ஏறும் இடம் ராகு, தெற்கே இறங்கும் இடம் கேது. அமாவாசையன்று சூரியன் இவற்றில் ஒன்றை ஒட்டி இருந்தால் கிரகணம். அந்த இடங்களில் கல்லோ வாயுவோ எதுவும் கிடையாது; வெறும் புள்ளிகள்தான். ஆனாலும் அவை நகர்கின்றன. 18.6 ஆண்டுகளில் வானத்தைப் பின்னோக்கி ஒருமுறை சுற்றி வந்துவிடுகின்றன.

இந்த இரண்டு புள்ளிகளுக்கும் தேவிபட்டினத்தில் கடலுக்குள் கல் நாட்டியிருக்கிறார்கள்.

இராமநாதபுரத்துக்கு வடக்கே, பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது தேவிபட்டினம். சேது யாத்திரை போகிறவர்கள் உப்பூர்ப் பிள்ளையாரைக் கும்பிட்டு, இங்கே நீராடி, திருப்புல்லாணி, சேதுக்கரை வழியாக இராமேஸ்வரம் போவது வழக்கம். இராமனே நட்ட கற்கள் என்பது தலபுராணம்; நவபாஷாணம் என்பது பெயர். மற்றக் கோயில்களில் நவக்கிரகங்களுக்கு முகம் உண்டு, வாகனம் உண்டு. இங்கே அதெல்லாம் இல்லை. உப்புநீரில் ஊறி நிற்கும் வெறும் கற்கள். நவதானியத்தைத் தூவிவிட்டு, நீருக்குள் இறங்கி அவற்றைச் சுற்றி வருகிறார்கள்.

ஒன்பதில் சூரியனும் சந்திரனும் இருக்கின்றன, பூமி இல்லை. இதைப் பார்த்து முன்னோரின் அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விண்மீன்கள் தமக்குள் இடம் மாறாமல் நிற்க, அவற்றினூடே நகர்ந்து போவது எதுவோ அதுவே கிரகம் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். அதன்படி சூரியன் உள்ளே வந்தாக வேண்டும்; காலடியில் இருக்கும் பூமிக்கு அங்கே இடமில்லை. கிரகணத்தைக் கணிக்க ராகுவும் கேதுவும் வேண்டும். 1543இல் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தபோது அளவுகோல் மாறியது, பட்டியலும் மாறியது. அதற்குப் பிறகும் அது பலமுறை மாறியிருக்கிறது. அதில் ஒருமுறை சென்னைக்கும் பங்கு உண்டு.

1801 ஜனவரி முதல் நாள் இத்தாலியில் பியாஸி கண்டுபிடித்த சீரிஸ், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கோள்களின் வரிசையில்தான் இருந்தது. பல்லாஸ், ஜூனோ, வெஸ்டாவும் அப்படியே. 1845க்குப் பிறகு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாகப் புதியவை சிக்கத் தொடங்கின. 1861 ஏப்ரல் 17 இரவு, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒன்றைக் கண்டார். இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதலாவது என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்று பெயர். வரிசை எண் 67. அதன் குறுக்களவு ஏறத்தாழ இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் தூரம்தான். 67 கோள்களை யார் மனப்பாடம் செய்வது? அதற்குள் வானியலாளர்கள் அவற்றைச் சிறுகோள்கள் என்று தனி வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். சீரிஸும் அவற்றோடு போனது.

புளூட்டோவுக்கு நடந்ததும் இதுவே. 1930இல் டோம்பா கண்டுபிடித்தபோது அது தனியாகத் தெரிந்தது. 1992 முதல் அதே வட்டாரத்தில் மற்றவை அகப்பட்டன. 2005இல் ஈரிஸ் வந்தது. நிறையில் அது புளூட்டோவையும் மிஞ்சியது. 2006 ஆகஸ்டில் பிராகா நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியத்தின் முன் முதலில் வந்தது, சீரிஸ், கேரன், ஈரிஸ் மூன்றையும் சேர்த்துப் பன்னிரண்டு கோள்கள் என்னும் வரைவு. அது தோற்றது. 24ஆம் தேதி வேறொன்று நிறைவேறியது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தவறியது.

புளூட்டோவின் பாதை நெப்டியூனின் பாதைக்குள் வந்து போகிறதே, அப்படியானால் நெப்டியூனும் துப்புரவாக்கவில்லைதானே என்று இன்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கிறது. இந்தத் தாளம் தவறாததால் இரண்டும் ஒருபோதும் நெருங்குவதில்லை. தாளத்தைப் போடுவது நெப்டியூன். புளூட்டோவைப் போல ஏறத்தாழ எட்டாயிரம் மடங்கு நிறை அதற்கு. துப்புரவாக்குவது என்றால் எல்லாவற்றையும் வெளியேற்றுவது அல்ல, மிஞ்சியவற்றைத் தன் கட்டுக்குள் வைப்பது. அதனால் மூன்றாவது நிபந்தனை எனக்குச் சரியாகவே படுகிறது. முதல் நிபந்தனைதான் குறுகியது. பிற விண்மீன்களைச் சுற்றும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களை இன்று அறிவோம். ‘சூரியனை’ என்று எழுதியதால் அவை எல்லாம் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன.

இனி, யாரும் பார்த்திராத ஒன்றுக்கு வருவோம். 2016 ஜனவரியில் பாட்டிகின், பிரவுன் என்னும் இருவர், நெப்டியூனுக்கு வெகு அப்பால் உள்ள சில சிறு பொருட்களின் நீள்வட்டப் பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காட்டி, அவற்றை ஒரு பெரிய கோள் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும் என்றார்கள். பூமியைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு நிறை. ஒரு சுற்றுக்குப் பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல். மேலே நீர் புரளும் விதத்தை வைத்தே அடியில் பார் கிடப்பதைச் சொல்லிவிடும் மன்னார் வளைகுடா மீனவரின் முறைதான் இது.

இந்த முறை வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. யுரேனஸின் தடுமாற்றத்தை வைத்து லெவெரியே கணித்த இடத்துக்குப் பக்கத்திலேயே 1846 செப்டம்பர் 23 அன்று நெப்டியூன் அகப்பட்டது. அதே லெவெரியே, புதனின் பாதையில் கண்ட சிறு பிசகுக்கு உள்ளே இன்னொரு கோள் காரணம் என்றார். வல்கன் என்று அதற்குப் பெயரும் வைத்துப் பல்லாண்டு தேடினார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. பிசகின் காரணத்தை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கியது.

ஒன்பதாவது கோள் எந்தப் பக்கம்? தொலைநோக்கிகள் பார்த்த திசைகளில் மட்டுமே பொருட்கள் கிடைத்திருப்பதால்தான் பாதைகள் ஒரே பக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது என்பது எதிர்வாதம். 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ‘அம்மோனைட்’ என்னும் பொருளின் பாதை அந்தச் சாய்வுக்கு ஒத்துவரவில்லை. சிலியில் வேரா ரூபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கி தென்வானத்தைப் பத்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படமெடுக்கப் போகிறது. அந்தக் கோள் இருந்தால் தப்புவது கடினம். கண்ணில் படும் வரை கணக்கு எட்டுதான்.

1977 மார்ச் 10 அன்று காவலூர் தொலைநோக்கியின் முன், யுரேனஸுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு விண்மீன் சில நொடிகள் மங்கியது. ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.