குரலைச் சேமித்த பெட்டி

கொழும்புக்கு வரும் நம் சகோதரிகளில் பலருக்குத் தெரிந்தவை அலுவலகமும் ஆஸ்பத்திரியும்தான். அலுவல் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறோம். அடுத்த முறை பிள்ளைகளுக்காக ஒரு நாளை ஒதுக்கி, நூதனசாலை பார்க்கப் போனால் என்ன?

மருதானையில் புகையிரதம் ஏறலாம். இலங்கையின் முதல் புகையிரதம் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. அதன் 150 ஆண்டு நிறைவாக, 2014இல் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. அது கடுகண்ணாவை நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கண்டிப் பாதையில் அங்கு நிற்கும் வண்டி எதுவென்று கேட்டு ஏறுங்கள். பழைய என்ஜின்களுக்கு முன்னால் நிற்கும் பிள்ளை, தண்ணீரைக் கொதிக்க வைத்த ஆவி இத்தனை பாரத்தை எப்படி இழுத்தது என்று கேட்கும். நம் அடுப்பில் கேத்தல் மூடி துள்ளுவதைச் சொல்லி விளக்குங்கள்.

பழைய இயந்திரங்களில் என் மனதைத் தொட்டது போனோகிராப். அமெரிக்கரான எடிசன் 1877இல் அதைச் செய்தார். கொழும்பு தேசிய நூதனசாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். வெள்ளீயத் தகடு சுற்றிய உருளையை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே குழாயில் பேச வேண்டும். குரலின் அதிர்வில் ஊசி தகட்டில் பள்ளம் போடும். ஊசியை மறுபடி அதே பள்ளத்தில் ஓடவிட்டால் பேசிய குரல் கேட்கும். பத்து ஆண்டுகளின் பின் பெர்லினர் என்பவர் தட்டையான இசைத்தட்டைக் கொண்டுவந்தார். அதுவே கிராமபோன். ஒரு பக்கம் மூன்று நிமிடமளவில் பாடும்.

மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தின் நாடகப் பாடல்கள் இசைத்தட்டுகளாக வீடுகளுக்குப் போயின. 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925இல் கொழும்பு வானொலி பிறந்தது.

கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம். கைபிடியைச் சுற்றினால் போதும். இதைக் கேட்டதும் உங்களுக்கும் சிரிப்பு வரும். தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் அல்லவா நாம்! அந்த டைனமோவும் நூதனசாலையில் வைக்க வேண்டிய பொருள்தான். பிள்ளைகளுக்கு அந்தக் கதையையும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்தபோது சிலர் ஒரு படத்தையாவது காப்பாற்றிக்கொண்டு வந்தோம். குரலைக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. "முகம் நினைவிருக்கு, குரல்தான் மறந்துபோகுது" என்று சொல்லும் தாய்மாரை நாம் அறிவோம். போன குரலை எந்த இயந்திரமும் திருப்பித் தராது. ஆனால் இருக்கும் குரல்களைக் காக்கலாம். எடிசனின் தகடு சில தடவை ஓடியதுமே தேய்ந்துவிடும். இன்று நம் கையிலுள்ள ஃபோன் அப்படியல்ல. அம்மாவின் தாலாட்டையும், அம்மம்மா சொல்லும் ஊர்க்கதையையும், பிள்ளையின் மழலையையும் பதிந்து வையுங்கள். யாருடைய குரல், எந்தத் திகதி என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஃபோன் பழுதாகலாம், தொலையலாம். ஆகவே ஒரு பிரதியை உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

நூதனசாலைக்குப் போகும் நாள் வரட்டும். இந்த வேலையை இன்றிரவே தொடங்கலாம்.