கமிட் வரை காத்திருக்கும் கட்டுப்பாடுகள்

தரவுத்தளக் கட்டுப்பாடு எதைச் சரிபார்க்கிறது என்பதோடு எப்போது சரிபார்க்கிறது என்பதும் முக்கியம். வழக்கமாக ஒவ்வொரு கட்டளையின்போதும் அது சரிபார்க்கப்படும். இதனால் சில நியாயமான மாற்றங்களைக்கூடச் செய்ய முடியாமல் போகும்.

ஒரு கல்லூரியின் துறை அட்டவணையில் ஒவ்வொரு துறைக்கும் தலைவர் கட்டாயம். அவர் ஆசிரியர் அட்டவணையில் இருந்தாக வேண்டும். ஆசிரியர் அட்டவணையிலோ ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே பதிவான ஒரு துறை கட்டாயம். புதிய துறை தொடங்கும்போது எதை முதலில் எழுதினாலும் மற்றொன்று இல்லையென்று ஃபாரின் கீ மறுத்துவிடும். இரண்டையும் எழுதி முடிக்கும்வரை அது பொறுத்தால் சிக்கலே இல்லை.

எஸ்கியூஎல்-92 தரநிலை இதற்கு வழி வகுத்தது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஒரு கட்டுப்பாட்டை ‘டிஃபெரபிள்’ என அறிவித்தால் சோதனையைத் தள்ளிப்போட அனுமதி கிடைக்கும். அதனுடன் ‘இனிஷியலி டிஃபெர்டு’ என்று சேர்த்தால் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் சோதனை கமிட் நேரத்துக்குப் போகும். ‘இனிஷியலி இம்மீடியட்’ என்றால் கேட்டால் மட்டுமே தள்ளிப்போகும். கேட்பதற்கான கட்டளை ‘செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’. நடப்புப் பரிவர்த்தனையோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். எதுவும் சொல்லாவிட்டால் கட்டுப்பாடு தள்ளிப்போட முடியாததாகவே உருவாகும். பலர் இதை அட்டவணை நிரம்பிய பிறகுதான் கவனிக்கிறார்கள். ஃபாரின் கீயை அப்போதும் ஆல்டர் கட்டளையால் மாற்றலாம். யூனிக் கட்டுப்பாட்டையோ நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும்.

யூனிக்கின் நடத்தை இன்னும் விசித்திரமானது. ஒரு நூலின் அத்தியாய எண்கள் எல்லாவற்றையும் ஒரே அப்டேட் கட்டளையில் ஒவ்வொன்று கூட்டுவதாகக் கொள்வோம். முடிவில் எந்த எண்ணும் இரண்டு முறை வராது. ஆனாலும் சாதாரண யூனிக்கை போஸ்ட்கிரெஸ்கியூஎல் பதிவுக்குப் பதிவு சோதிக்கிறது. 1 என்பது 2 ஆகும் கணத்தில் பழைய 2 அங்கேயே இருந்தால் பிழை. பதிவுகள் எந்த வரிசையில் கையாளப்படுகின்றன என்பதைப் பொறுத்து அதே கட்டளை ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. தரநிலை கேட்பது கட்டளை முடிவில் சோதனை. ஆரக்கிள் அப்படித்தான் செய்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அந்த நடத்தை வேண்டுமானால் யூனிக்கை ‘டிஃபெரபிள்’ ஆக்க வேண்டும்; 2010இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து அது முடிகிறது. 4, 5 ஆகிய எண்களை இரு தனிக் கட்டளைகளில் இடம் மாற்ற, சோதனையை கமிட் வரையே தள்ள வேண்டும். இல்லையெனில் நடுவில் ஒன்றுக்கு -1 என்று பொய் எண் கொடுத்துச் சமாளிக்கும் பழைய வித்தைதான்.

எல்லாவற்றையும் தள்ளிப்போட முடியாது. நாட் நல், செக் இரண்டும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் எப்போதும் உடனடிதான். ஃபாரின் கீயில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்றிருந்தால் நீக்கல் அங்கேயே தடுக்கப்படும். ‘நோ ஆக்‌ஷன்’ மட்டுமே காத்திருக்கும். தள்ளிப்போடக்கூடிய யூனிக்கை வேறொரு ஃபாரின் கீ சுட்ட முடியாது. ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’டும் அதை நம்பி இயங்காது.

தாமதத்துக்கு விலை உண்டு. பிழை கமிட்டில் வெடிக்கும்போது மீறப்பட்ட கட்டுப்பாட்டின் பெயர் தெரியும், மீறிய கட்டளை தெரியாது. பரிவர்த்தனை முழுவதும் ரத்தாகும். நிலுவைச் சோதனைகள் நினைவகத்தில் சேர்வதால் லட்சக்கணக்கான பதிவுகளை ஏற்றும்போது சுமையும் கூடும். கமிட்டுக்கு முன்பே ‘செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் இம்மீடியட்’ கொடுத்தால் நிலுவையெல்லாம் அங்கேயே சோதிக்கப்படும். சேவ்பாயின்ட் வைத்திருந்தால் அதுவரை பின்வாங்கித் திருத்தலாம். ஆகவே ‘இனிஷியலி இம்மீடியட்’ என்று அறிவித்து, தேவைப்படும் பரிவர்த்தனையில் மட்டும் தள்ளிப்போடுவதே பாதுகாப்பானது.

மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் இரண்டிலும் இந்த வசதி இல்லை. மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோர் ஃபாரின் கீ சோதனையையே அணைத்துவிட்டு வேலையை முடிப்பதுண்டு. அது ஒத்திவைப்பு ஆகாது: மீண்டும் இயக்கும்போது இடையில் நுழைந்த பதிவுகள் சோதிக்கப்படுவதில்லை, தவறானவை அட்டவணையிலேயே தங்கிவிடும்.