சேலை கட்டி வந்த மேல்நாட்டுப் பாட்டு!

சென்னை மவுண்ட் ரோட்டில், ஜெமினி பக்கம், 'சபையர்' என்று ஒரு சினிமா தியேட்டர் இருந்தது. 'சபையர்', 'புளூ டயமண்ட்', 'எமரால்டு' என்று ஒரே இடத்தில் 3 தியேட்டர்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று நாலா பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே படம் பார்க்க வருவார்கள்.

அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இன்னொரு இடமும் இருந்தது. அதன் பெயர் 'நைன் ஜெம்ஸ்'. நவரத்தினம் என்று அர்த்தம். அது ஒரு நைட் கிளப். படம் பார்க்க வரும் குடும்பங்கள் அந்தப் படியில் இறங்குவதில்லை.

1969-ம் ஆண்டு அந்த மேடையில் ஒரு பெண் ஏறினார். சுமார் 20 வயது. உடம்பில் சேலை. நைட் கிளப்பில் சேலை கட்டிய பாடகியா? பார்த்தவர்கள் திகைத்தார்கள். அவர் பாடத் தொடங்கினார். அத்தனையும் ஆங்கிலப் பாட்டு! கூட்டம் மயங்கியது. கிளப் சொந்தக்காரர், "இன்னும் ஒரு வாரம் இருந்து பாட வேண்டும்" என்று கேட்டுக் கொண்டார்.

அந்தப் பெண்தான் உஷா ஐயர். கல்யாணத்துக்குப் பிறகு உஷா உதுப்.

கேபரே என்றால் என்ன?

'கேபரே' என்பது பிரெஞ்சுக்காரர்களின் சொல். வந்தவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எதிரே சின்ன மேடையில் ஒருவர் பாடுவார். பாரீஸ் நகரில் பிரபலமான இந்த வழக்கம், பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

நம் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்து விட்டது. சினிமாவில் வில்லனின் கூடாரத்தில் அரைகுறை ஆடையோடு ஆடும் ஆட்டத்துக்கு 'கேபரே' என்று பெயர் வைத்து விட்டார்கள். அப்படிப்பட்ட பாட்டுகள் பலவற்றைப் பாடியவர் எல்.ஆர்.ஈஸ்வரி. ஆடி மாதம் அம்மன் கோவில் ஒலிபெருக்கியில் கேட்கும் பக்திப் பாட்டுகளைப் பாடியவரும் அதே எல்.ஆர்.ஈஸ்வரிதான்! ஒரே குரல், இரண்டு இடம்.

பாட்டு வகுப்பில் இடம் இல்லை

உஷா 1947-ல் பம்பாயில் பிறந்தார். தமிழ்க் குடும்பம். அப்பா போலீஸ் அதிகாரி. வீட்டில் எந்நேரமும் ரேடியோ பாடிக் கொண்டிருக்கும். மேல்நாட்டு இசையும் கேட்பார்கள், நம் நாட்டு இசையும் கேட்பார்கள். இலங்கை வானொலியும் அதில் உண்டு. 9 வயதிலேயே அந்த வானொலியில் பாடும் வாய்ப்பும் உஷாவுக்குக் கிடைத்தது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது தெரியுமா? அவரைப் பாட்டு வகுப்பிலிருந்து எடுத்து விட்டார்கள்! மற்ற பெண்களின் குரல் மெல்லியது. உஷாவின் குரல் கனமானது. சேர்ந்து பாடும்போது பொருந்தவில்லை என்றார்கள். ஆனாலும் அவருக்குள் இசை இருப்பதை ஆசிரியை கண்டு கொண்டார். தாளம் தட்டும் சிறு கருவிகளைக் கையில் கொடுத்தார்.

உஷா குருவிடம் உட்கார்ந்து முறையாகப் பாட்டுப் படித்தவர் அல்ல. கேட்டுக் கேட்டே பாடக் கற்றுக் கொண்டார்.

சாப்பிடுகிறவரைத் திருப்ப வேண்டும்!

மயிலாப்பூர் சபாவில் கச்சேரி கேட்க வருகிறவர் பாட்டுக்காகவே வருகிறார். தாளம் போடுகிறார், தலையாட்டுகிறார். நைட் கிளப்பில் அப்படி இல்லை. ஒருவர் சாப்பிடுவார். ஒருவர் நண்பரோடு பேசுவார். தட்டும் கரண்டியும் சத்தம் போடும். பாட்டுக்காரர் அத்தனை பேரையும் தன் பக்கம் திருப்ப வேண்டும்.

அந்த வித்தையை உஷா மேடையிலேயே கற்றார். சென்னைக்குப் பிறகு பம்பாய் 'டாக் ஆப் தி டவுன்', கல்கத்தா பார்க் தெருவில் உள்ள 'டிரிங்காஸ்', டெல்லி ஓட்டல் என்று பாடினார். 1970-ல் வந்த 'பாம்பே டாக்கீ' படத்தில் ஆங்கிலப் பாட்டு பாடினார்.

ஊர்கள் மாறின, சேலை மாறவில்லை. தியாகராய நகர் கடைகளில் கல்யாணத்துக்கு எடுக்கிறோமே, அதே காஞ்சிபுரம் பட்டுதான் அவருடைய மேடை உடுப்பு. தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. அத்தை, சித்தி மாதிரி இருக்கும் ஒருவர் முன்னால் யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொல்லி விட முடியாது!

ஆப்பிரிக்காவில் எடுத்த தட்டு

கென்யா நாட்டில் நடந்த இந்திய விழா ஒன்றுக்கு உஷா போனார். அந்த நாட்டு மக்கள் பேசும் சுவாகிலி மொழியிலேயே பாடினார். 'மலைகா' என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த காதல் பாட்டு. 'தேவதை' என்று பொருள். அதைப் பாடிப் புகழ் பெற்ற பாடிலி வில்லியமுடன் சேர்ந்து உஷாவும் அதைப் பாடினார். மக்கள் அவரை விடவில்லை. ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா அவருக்குக் கென்யாவின் கவுரவக் குடியுரிமை கொடுத்தார்!

அங்கேதான் 'லைவ் இன் நைரோபி' என்ற இசைத்தட்டு பிறந்தது. உள்ளூர் 'பெலினி பைவ்' குழு வாத்தியம் வாசித்தது.

'லைவ்' என்றால், ரசிகர்கள் முன்னால் பாடும்போதே பதிவு செய்வது. அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம்.

ஸ்டூடியோவில் பாடுவது வேறு. சுருதி விலகினால் நிறுத்தலாம். மறுபடி பாடலாம். 10 தடவை பாடி, நல்லதை மட்டும் எடுத்துக் கொள்ளலாம். மேடையில் அது நடக்காது. வாயிலிருந்து வந்தது வந்ததுதான். மூச்சு வாங்கினால் அதுவும் கேட்கும். கூட்டம் சிரித்தால் அதுவும் பதியும். கைதட்டல் குறைந்தால் அதையும் மறைக்க முடியாது.

மூன்று நிமிடக் காலம்

இந்த மாதிரிப் பதிவு முன்பெல்லாம் எளிதல்ல. எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் காலத்து கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் இடம். நாடக மேடையில் "ஒன்ஸ் மோர்" கேட்கக் கேட்க நீளும் பாட்டு, தட்டில் சுருங்கி விடும்.

1948-ல் அமெரிக்காவில் எல்.பி. தட்டு வந்தது. பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. டேப்பில் ஒலிப்பதிவு செய்யும் முறையும் பரவியது. முழுக் கச்சேரியையும் அப்படியே பிடிக்க வழி பிறந்தது.

அதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்கப் பாடகி ஜூடி கார்லண்ட். 2 வயதிலேயே மேடை ஏறியவர். 1961 ஏப்ரல் 23-ந் தேதி, நியூயார்க் கார்னகி மண்டபத்தில், பழைய நாடகப் பாட்டுகளையும் சினிமாப் பாட்டுகளையும் பாடினார். அந்தக் கச்சேரி இரண்டு தட்டுகளாக வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று 'கிராமி' பரிசும் பெற்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். நம் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய கச்சேரி ஒன்றும் அதே மண்டபத்தில் பதிவாகித் தட்டாக வந்திருக்கிறது.

தடை போட்டார் மந்திரி!

உஷாவுக்குக் கைதட்டல் மட்டும் கிடைக்கவில்லை. 1980-களில் மேற்கு வங்காளத்தில் பொதுப்பணி மந்திரியாக இருந்த ஜதின் சக்கரவர்த்தி, "இவருடைய பாட்டு நம் பண்பாட்டைக் கெடுக்கிறது" என்று குற்றம் சாட்டினார். அரசாங்க அரங்குகளில் உஷா பாடக்கூடாது என்று தடை வந்தது.

மேடையை நம்பிப் பிழைக்கும் பாடகிக்கு மேடை இல்லை என்றால் என்ன செய்வது? வேறு யாராவது என்றால் ஊரை விட்டே போயிருப்பார்கள். உஷா கோர்ட்டுக்குப் போனார். வழக்கில் வென்றார். அதே கல்கத்தாவில் தொடர்ந்து வாழ்ந்து, தொடர்ந்து பாடினார்.

குழந்தைகளுக்கும் தெரிந்த குரல்

1990-ல் மணிரத்னத்தின் 'அஞ்சலி' படம் வந்தது. குழந்தைகள் நிறைந்த படம். இளையராஜா இசையில் அதில் ஒரு பாட்டு உஷாவின் குரலில் ஒலித்தது. நைட் கிளப் பக்கமே போகாத வீடுகளிலும் பிள்ளைகள் அதைப் பாடிக் கொண்டு திரிந்தார்கள். 2010-ல் 'மன்மதன் அம்பு' படத்தில் உஷாவே நடித்தார்.

2011-ல் பத்மஸ்ரீ விருது, 2024-ல் பத்மபூஷண் விருது அவருக்குக் கிடைத்தன.

மவுண்ட் ரோடு இப்போது அண்ணா சாலை. 'சபையர்' இடிக்கப்பட்டு விட்டது. 'நைன் ஜெம்ஸ்' படிகளும் போய் விட்டன. 'லைவ் இன் நைரோபி' போன்ற தட்டு கையில் கிடைத்தால், பாட்டை மட்டும் கேட்டு விட்டு வைத்து விடாதீர்கள். பாட்டுக்கு நடுவே கூட்டத்தையும் கவனியுங்கள். ஒரு பாடகி கூட்டத்தைத் தன் பக்கம் திருப்புவது எப்படி என்று காதாலேயே தெரிந்து கொள்ளலாம். பாட்டு வகுப்புக்கு ஆகாது என்று ஒதுக்கிய குரல்தான் அது!